நிற்க வேண்டாத சாலை

தூத்துக்குடி
12 ஆகஸ்ட் 2024

பாண்டியராஜனுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. மூன்று வருடமாக நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காதவனிடம் நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்பாசமுத்திரத்தில் உன் ஹார்டுவேர் கடை விலாசத்தை நம் சைக்கிள் குழுவில் இருந்த பெனிஸ்டனிடம் வாங்கினேன்.

போனில் பேசித் தொலைக்கலாமே என்பாய். என் குரல் சிறுத்துப் போய்விட்டது. போனை எடுப்பவர்கள், "ஹலோ, ஒண்ணும் கேக்கலையே" என்று வைத்துவிடுகிறார்கள். அதோடு டாக்டர் தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதாமல் விட்டால் கை இறுகிவிடுமாம். யாருக்கு எழுதுவது என்று அவர் சொல்லவில்லை.

எனக்குப் பார்க்கின்சன் நோய். ஏரல் பாலத்துக்குப் பக்கத்தில், டீக்கடை முன்னால், சைக்கிளை நிறுத்தத் தெரியாமல் உன் மேலேயே சாய்ந்து விழுந்தேனே, அன்றைக்கே அது எனக்குள் இருந்திருக்கிறது. ஊன்ற வேண்டிய நேரத்தில் கால் ஊன்றவில்லை. நீ எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் என் வாயை மோந்து பார்த்தாய். அதோடு விட்டாயா? நேராக என் வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டி ஜெயபாயிடம், "தங்கச்சி, ஒளிச்சு வச்சுக் குடிக்கான், கவனிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாய். அவள் போதகரையாவைக் கூப்பிட்டு வந்து என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ண வைத்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அதையும் போதை என்றுதான் நினைத்தார்கள்.

மன்னித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இப்போது என்னால் ஒழுங்காக நடக்க முடியாது. வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் யாராவது பிடித்துச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் ஓட்டுகிறேன். டாக்டரே ஆஸ்பத்திரி முற்றத்தில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். நடக்க முடியாத சிலருக்குச் சைக்கிள் மட்டும் வரும் என்றார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் விழுவேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியும் உப்பு லாரியும் சிக்னலும் மாடும் இருக்கிற இந்த ஊரில் நிற்காமல் எந்த ரோட்டில் ஓட்டுவது?

உன் பக்கம் ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, காடு இருக்கிறது. யாருக்கும் ஒதுங்கி நிற்க வேண்டாத ஒரு ரோடு அங்கே உண்டா? ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும். அடுத்த வருடம் இதுவும் என்னை விட்டுப் போய்விடும்.

பதில் போட மனமிருந்தால் போடு.

தேவபிரசாதம்


அம்பாசமுத்திரம்
25 ஆகஸ்ட் 2024

ஏலே தேவா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பெயின்ட் வாங்க வந்தவரிடம் பெயின்ட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னால் அலமாரி நிறைய பெயின்ட். மத்தியானம் வீட்டில் சீனித்தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு தவறிட்டா?" என்று கேட்டாள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன்.

மோந்து பார்த்தது தப்பு. ஜெயபாய் தங்கச்சியிடம் சொன்னது அதைவிடத் தப்பு. ஆனால் நீ ஒன்றும் சளைத்தவன் இல்லை. மறுநாள் நான் உன் வீட்டு கேட்டில் வந்து நின்றபோது உள்ளே பூட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வேத வசனம் சொன்னாய். பொய் சாட்சிக்காரனுக்கு என்ன தண்டனை என்று முழுசாகச் சொன்னாய். தெருவே பார்த்தது. அதற்கு மேல் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவேன்? மாமனார் கடையைப் பார்க்க ஆளில்லை என்று இங்கே வந்தது நிஜம்தான். கூப்பிட்டவுடன் கிளம்பினதற்குக் காரணம் நீ.

ரோடு இருக்கிறது. நூறு ரோடு இருக்கிறது. ஆனால் நான் சொல்ல மாட்டேன். நிறுத்தத் தெரியாதவனைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் கையசைக்க என்னால் ஆகாது. ஒரு தடவை உன் பெயரைக் கெடுத்தேன், உன் சாவுக்கும் நான்தான் காரணம் என்று ஆக வேண்டுமா? காரில் வா. மலையைக் காட்டுகிறேன். சீனித்தாய் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைப்பாள்.

பாண்டியராஜன்


தூத்துக்குடி
15 செப்டம்பர் 2024

பாண்டியா,

காரில் வந்து மலையைப் பார்க்க நான் உன்னிடம் கேட்கவில்லை.

ஜெயபாய் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிப் போட்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஓட்டுவது. சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. எதிரே சபை காலண்டர். ஆணியில் தொங்குகிற அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறேன். காற்று வேண்டும் என்றால் ஃபேனைப் போடச் சொல்ல வேண்டும். ஃபேனைப் போடச் சொன்னாலும் யாருக்கும் கேட்பதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஜெயபாயின் தம்பி நேசக்குமார் என்னைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப் போய் ஏற்றிவிட்டான். ஓட்டினேன். கை நடுக்கம் நின்றுவிட்டது. உடம்பு பழையபடி என் சொல் கேட்டது. அவனுக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே மரத்தடிக்குப் போய்விட்டான். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டேன், கேட்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் நீளம் தாண்டுகிற மணல் குழி கண்ணில் பட்டது. அதற்குள் விட்டு விழுந்தேன். பல்லெல்லாம் மணல். இத்தனை சந்தோஷமாக நான் இருந்து எத்தனை காலமாயிற்று தெரியுமா?

ஜெயபாய் சட்டையில் மணலைப் பார்த்து அழுதாள். சைக்கிளைத் தூக்கிப் போடுவேன் என்றாள். இரண்டு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. பிறகு அவளாகவே வந்து உட்கார்ந்து, "பாண்டியண்ணாச்சிக்கே திரும்ப எழுதுங்க. அவங்க பிடிச்சா விடமாட்டாங்க" என்றாள்.

உன்னைப் பற்றி அவள் சொன்னது இது. நான் சொல்லவில்லை.

தேவபிரசாதம்


அம்பாசமுத்திரம்
20 அக்டோபர் 2024

தேவா,

தங்கச்சி சொன்னதற்காகத்தான் இதெல்லாம். உனக்காக என்று தலைகால் புரியாமல் ஆடாதே.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் கண்ணோடு ரோடு பார்த்து வருகிறேன். முன்னெல்லாம் ரோடு நன்றாக இருக்கிறதா, எங்கே டீ நன்றாயிருக்கும் என்றுதான் பார்ப்போம். இப்போது எங்கே நிற்க வைப்பார்கள் என்று பார்க்கிறேன். பாபநாசம் ரோடு அழகுதான், ஆனால் கோயிலுக்கு வருகிற வேன்கள் நடு ரோட்டில் நின்று வழி கேட்கும். அது வேண்டாம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ரயில்வே கேட். ரயில் எப்போது வரும் என்று உனக்காகக் கேட் கீப்பரிடம் கெஞ்ச முடியாது. கடையத்துக்கு மேற்கே அணைக்குப் போகிற ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஒரு திருப்பத்தில் ஆட்டுக் கூட்டம் ரோடு முழுக்கப் படுத்திருந்தது. மணியடித்தால் ஒரு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

கடைசியில் கிடைத்தது கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகிற ரோடு. ஊருக்குள் வேண்டாம், வீடுகள் முடிகிற இடத்தில் ஆரம்பிப்போம். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் வயல். இரண்டு பக்கமும் மரம், பாதி ரோட்டுக்கு நிழல். எதிரே மலை. போகப் போக அது பெரிதாகிக்கொண்டே வரும், உச்சியில் எப்போதும் கொஞ்சம் மேகம் உட்கார்ந்திருக்கும். காலையில் ஒரு பஸ் போகும், அதைப் போகவிட்டுக் கிளம்பினால் ரோடு உனக்குத்தான். வேகத்தடை ஒன்று இருக்கிறது, தேய்ந்து போனது. அப்படியே ஏறி இறங்கிவிடலாம். ஒரு டீக்கடை வரும். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே, வடை வாசனை உன்னை இழுக்கும்.

மணிமுத்தாறு அணைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு. அங்கே சைக்கிள் தானாகவே வேகம் குறையும். நான் அந்த மேட்டின் தலையில் நிற்பேன். மேட்டைத் தாண்டினால் இறக்கம், ஒரு சின்னப் பாலம், அப்புறம் வனத்துறை செக்போஸ்ட். அங்கே குறுக்கே கட்டை போட்டிருக்கும். அதற்கு மேல் புலிக்காடு. ஆகையால் மேட்டிலேயே முடித்துக்கொள்கிறோம்.

பிடித்துப் பழகுகிறேன். சீனித்தாய் தம்பி செல்வதுரையை ஓட்டி வரச் சொல்லி நான் பிடிக்கிறேன். சீட்டுக்கு ஒரு கை, ஹேண்டில்பாருக்கு ஒரு கை, தோளுக்கு நெஞ்சைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை இரண்டு பேரும் கால்வாய்க்குள் போனோம். "மச்சான், உம்ம கூட்டாளிக்கு ஆசைன்னா நான் ஏன் முங்கணும்?" என்று ஏசினான். இப்போது தவறுவதில்லை.

மழை முடியட்டும்.

பாண்டியராஜன்


தூத்துக்குடி
18 டிசம்பர் 2024

பாண்டியா,

இங்கே ஒரே மழை. தெருவில் தண்ணீர் நின்று வடிந்தது. உங்கள் பக்கம் ஆற்றில் வெள்ளம் என்று டிவியில் பார்த்தேன். கடைக்குள் தண்ணீர் வரவில்லையே?

உன் ரோட்டுக் கடிதத்தை ஜெயபாய் எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஆட்டுக் கூட்டம் வரும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. சொல்ல வரவில்லை.

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். மாத்திரை வேலை செய்து உடம்பு சொன்னபடி கேட்கிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது. போன வாரம் வீட்டு சைக்கிளிலேயே மிதிக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கால் மிதிக்கவில்லை, நான் சொல்லியும் மிதிக்கவில்லை. பிறகு சரியாகிவிட்டது. ஜெயபாயிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. விழுவதைப் பற்றி இல்லை. மழை முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேனோ என்றுதான்.

தள்ளிப் போடாதே.

தேவா


அம்பாசமுத்திரம்
19 ஜனவரி 2025

தேவா,

பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிறு. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், ஒரு வாரம் கோயிலுக்குப் போகாவிட்டால் உன் கர்த்தர் கோபிக்க மாட்டார். சனிக்கிழமையே வந்து இங்கே தங்குங்கள். செல்வதுரை உன்னை ஏற்றிவிட்டு, தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவான். ரொம்பத் தள்ளி வரச் சொல்லியிருக்கிறேன். இன்ஜின் சத்தம் உன் காதில் விழக் கூடாது. அதுவும் ஒரு சைக்கிள்காரனுக்குத்தான் தெரியும், இல்லையா?

வயலெல்லாம் பச்சையாக நிற்கிறது. கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. நான் மேட்டில் இருப்பேன்.

பாண்டியன்


அம்பாசமுத்திரம்
23 பிப்ரவரி 2025

தேவா,

நீ படிக்கும் நிலையில் இருக்கிறாயா தெரியவில்லை. யாராவது வாசித்துக் காட்டினால் போதும்.

நான் என்ன பார்த்தேன் என்று எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் நீ மரங்களுக்கு நடுவே வருவது தெரிந்தது. நேராக வந்தாய். பழைய தேவா. முதுகை வளைத்து, முழங்கையை மடக்கி. எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் கையில் கவனம் வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன். மேட்டில் ஏறினாய். வேகம் குறைந்தது. நான் நினைத்த மாதிரியே எல்லாம் நடந்தது. கையை விரித்து நின்றேன். சீட்டு என் விரல் நுனியில் பட்டது. அவ்வளவுதான். கையில் எதுவும் இல்லை. திரும்பினால் நீ இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறாய்.

ஓடினேன். "பிடிங்கல, பிடிங்கல" என்று கத்தினேன். யார் இருக்கிறார்கள் அங்கே பிடிக்க? பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ விழுந்த சத்தம் கேட்டது. செக்போஸ்ட்டிலிருந்து வனக் காவலர் ஓடி வந்தார். உன் இடுப்பு மடங்கியிருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு ஜெயபாய் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. "அன்னைக்குக் குடிகாரன்னு சொன்னிய. இன்னைக்கு இப்படிப் பண்ணிட்டிய. இனி எங்க வீட்டுப் பக்கம் வராதிய அண்ணாச்சி" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பாண்டியராஜன்


அம்பாசமுத்திரம்
23 மார்ச் 2025

தேவா,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

பெனிஸ்டன் உன்னைப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினான். இனி எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னான். சைக்கிள் பேச்சே இல்லை என்றான். நான் போனை வைத்துவிட்டேன், மரியாதை இல்லாமல்.

செல்வதுரையை மறுபடி கூட்டிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனேன். ஓட்டி வரச் சொன்னேன். பிடித்தேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். பிடித்தேன். அவனுக்கு அழுகை வந்து, "போதும் மச்சான், வாரும், வீட்டுக்குப் போவோம்" என்று என்னை இழுத்தான். அவனைப் பிடிக்க முடிகிறது. உன்னை ஏன் முடியவில்லை? ஏரலில் என் மேல் விழுந்தாயே, அந்தப் பயத்தில் கையைப் பின்னால் இழுத்துவிட்டேனோ? இழுத்த மாதிரியும் இருக்கிறது, இழுக்காத மாதிரியும் இருக்கிறது. தூங்க முடியவில்லை. சீனித்தாய் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள், அந்தக் கையைப் பிடிக்க வேண்டாம் என்று நேற்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

என் சைக்கிளை விற்றுவிட்டேன். இனி எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்.

பாண்டியராஜன்


தூத்துக்குடி
13 ஏப்ரல் 2025

பாண்டியா,

இந்தக் கடிதத்தைப் பல நாளாக எழுதுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் கோணலாக இருக்கும். ஜெயபாய் எழுதித் தருகிறேன் என்றாள். இதை நானே எழுத வேண்டும் என்றேன்.

செல்வதுரை என்னை விட்டதும் கொஞ்ச தூரம் பயந்துகொண்டே ஓட்டினேன். பிறகு பயம் போய்விட்டது. கால்வாய்த் தண்ணீர் என் கூடவே வந்தது. நீ சொன்ன வேகத்தடையில் ஏறி இறங்கினேன். டீக்கடையைத் திரும்பிப் பார்த்தேன், நீ சொல்லியும் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர், "ஐயா, நல்லா ஓட்டுதியளே" என்றார். யாரோ ஒரு மனிதன் என்னைப் பார்த்து இரக்கப்படாமல் ஒரு வார்த்தை சொன்னான். மலை என் முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

அப்போது உன்னைப் பார்த்தேன். மேட்டின் தலையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ரொம்பத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். சைக்கிள் வேகம் குறைந்தது. நீ கையை விரித்தாய். சரியான இடத்தில்தான் நின்றாய், கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அந்தக் கைக்குள் வந்து நிற்பது எனக்கு ரொம்பச் சுலபம். ஆனால் இறங்கினால் மறுபடி ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. இறங்கியதும் என்னைப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையைத் துடைத்து, மாத்திரை கொடுப்பீர்கள். எல்லாம் அன்போடுதான் செய்வீர்கள். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது.

ஹேண்டில்பாரை நான் திருப்பினேன். உன் கைக்கு எட்டாமல் அந்தப் பக்கமாகத் திருப்பினேன். திருப்பிவிட்டு மிதித்தேன். நீ கையை இழுக்கவில்லை. நான்தான் உன்னை விட்டு விலகிப் போனேன்.

இறக்கத்தில் காற்று வந்தது. பாலத்தில் தண்ணீர்ச் சத்தம். காட்டு வாசனை. நீ பின்னால் கத்துவது கேட்டது. கட்டை குறுக்கே இருப்பது தெரிந்து பிரேக்கைப் பிடித்தேன், கால் ஊன்றவில்லை. அதற்கு மேல் உனக்குத் தெரியும்.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வருகிறவர்களிடம் ஜெயபாய் உன்னைக் குறை சொல்லிப் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு பொய்ப்பழி எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அது எத்தனை கேவலமான நினைப்பு என்று, சைக்கிளை விற்றுவிட்டதாக நீ எழுதிய கடிதம் வந்தபோது தெரிந்தது. தெரிந்தும் கை ஓட இத்தனை நாளாயிற்று.

போதுமா, சந்தோஷமா என்று யாராவது கேட்டால், இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் என்னைக் குளிக்க வைக்கிறார்கள். ஜெயபாய்க்கு முதுகு வலி வந்துவிட்டது. ஒரு இறக்கத்துக்காக அவளை இப்படி ஆக்கிவிட்டேன் என்று நினைத்து அழுகிறேன். அழுதுகொண்டிருக்கும்போதே அந்தப் பாலம் ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டும் உண்மை.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மனுசனை இப்படிச் சொல்லிட்டேனே" என்று உட்கார்ந்து அழுதாள்.

பாண்டியா, நீ இன்னும் அந்த மேட்டிலேயே கையை விரித்துக்கொண்டு நிற்கிறாய். கையை இறக்கு. பஸ் ஏறி வா. ஜெயபாய் வீட்டில்தான் இருக்கிறாள்.

தேவா